ஹார்ட்லி அகாய்

பனிக்காலத்தில் சுண்ணாம்புக்கட்டி சரியாக எழுதாது, பெக்சுல்தான். ஈரம் குடித்துவிடும். அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை என் டப்பாவை வகுப்பறை வெந்நீர்க் குழாயின் மேல்தான் வைத்திருப்பேன். என்னிடம் படித்த நாளில் பக்கத்திலேயே நீங்கள் உங்கள் கையுறையைக் காயவைப்பீர்கள். இப்போது நீங்கள் விசாரணை அதிகாரி, நான் உங்கள் மேசைக்கு எதிர்ப்பக்கம். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நம் கல்லூரியில் ஆண் வாத்தியார்கள் எல்லோருமே பிள்ளைகளுக்கு அகாய்தான். எனக்கு மட்டும் முன்னால் ஓர் ஒட்டு உண்டு. இருபத்தாறு வருடமாக நான் விடாமல் நடத்திய ஓர் இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தால் வந்த பெயர் அது. இரண்டு வாக்கியத் துண்டுகள், நடுவில் 'ஆனால்'. இரண்டிலும் செயப்பாட்டுவினை, இரண்டிலும் ஒரு வினையடை. கூரை பலமாகச் சேதப்படுத்தப்பட்டது, ஆனால் சுவர்கள் ஹார்ட்லி தொடப்பட்டன. ஹார்ட் என்றால் கடுமையாக. அதற்கு 'லி' என்று ஒரு வால் முளைத்தால் பொருள் தலைகீழாகிவிடும்: ஏதோ பெயருக்கு, தொட்டும் தொடாமலும். வருடா வருடம் பாதி வகுப்பு இந்தக் குழியில் விழும். நீங்களும் விழுந்தீர்கள். அப்படித்தான் நான் ஹார்ட்லி அகாய் ஆனேன்.

சாய்ராகுல் ஏழு வருடங்களுக்கு முன்பு இங்கிலீஷ் சொல்லித்தர வந்து சேர்ந்தாள். மலையேற வரும் வெள்ளைக்காரர்களுக்குக் கூடாரத்தில் சமைத்துப் போட்டு, அவர்கள் வாயைப் பார்த்தே இங்கிலீஷ் கற்றவள். 'யெஸ்டர்டே ஐ கோ' என்பாள். பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனபோது, ஒரு ஜெர்மன்காரரிடம் நான் அதை முறைப்படி, செயப்பாட்டுவினையில், முழுதாகச் சொன்னேன். அவர் 'சாரி?' என்றார். இவள் பின்னாலிருந்து, 'பிரிட்ஜ் ஃபினிஷ். ரிவர் ஆங்ரி' என்றாள். அவர் சிரித்து அவள் கையைக் குலுக்கிவிட்டு வேறு வழியில் போனார்.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவே பலகைச் சுவர். அவள் வகுப்பில் சிரிப்பார்கள், அது என் கரும்பலகை வரைக்கும் கேட்கும். என் வகுப்பில் இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை சிரித்திருக்கிறார்கள், நாற்காலிக் கால் உடைந்து நான் விழுந்த அன்று. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமைதோறும் என் மேசையில் ஒரு பொட்டலம் போர்சோக் பொரித்துக் கொண்டுவந்து வைப்பாள். சாப்பிடுவேன். நன்றாகத்தான் இருக்கும்.

டிசம்பரில் நம் பள்ளத்தாக்கு ரோப்காரைப் பரிசோதிக்க ஸ்லோவேனியாவிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். இரண்டாம் நாள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மூன்று பக்கம் இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். ரோப்கார் மேனேஜர் எமில்பெக் அதைக் கிர்கிஸில் எழுதித்தரச் சொல்லி அவளிடம் கொடுத்தார். என்னிடம் இல்லை. அப்புறம் எனக்கு போன் செய்தார்.

"அகாய், சாய்ராகுல் எழுதிட்டா. நீங்க ஒரு தடவை கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்து, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கமா கிமா விட்டிருப்பா."

கமா பார்க்க நான்.

தாள்களை அவளே எடுத்து வந்தாள். பூட்ஸில் பனி ஒட்டியிருந்தது.

"அகாய், ரெண்டாம் பக்கத்துல ஒரு இடம் இடிக்குது. கீழ் ஸ்டேஷன் பிரேக் முழுசா சோதிக்கப்பட்டது, ஆனால் மேல் ஸ்டேஷன் பிரேக் ஹார்ட்லி சோதிக்கப்பட்டதுன்னு இருக்கு. நான் 'கடுமையாக'ன்னு போட்டிருக்கேன். சரிதானே?"

"எத வெச்சு அப்படிப் போட்டீங்க?"

"உங்க பேர வெச்சுத்தான்." வெட்கத்தோடு சிரித்தாள். "ஹார்ட்லி அகாய்னா கண்டிப்பான வாத்தியார்னுதானே அர்த்தம்? பசங்க மரியாதையாத்தான் சொல்றாங்க அகாய், தப்பா எடுத்துக்காதீங்க."

"நடுவுல 'ஆனால்' இருக்கே?"

"அது ஒட்டாம நின்னுச்சு. அதான் 'மேலும்'னு மாத்திட்டேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இரண்டு பக்கமும் ஒரே பொருளாக இருந்தால் நடுவில் 'ஆனால்' எதற்கு என்று என் முதல் வருடப் பிள்ளையே கேட்கும். இவளோ இடித்த சொல்லையே தூக்கிவிட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

"வினையடை சரியான இடத்துலதான் இருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. வினையடை அதன் இடத்தில்தான் இருந்தது.

"அப்பாடா. வயித்துல பால வார்த்தீங்க அகாய்."

அவள் போன பிறகு இரண்டு கமாக்களைத் திருத்தினேன். 'கவனமாகச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரேக்குகளும் முழுமையாகச் சோதிக்கப்பட்ட பின்பே ரோப்கார் திறக்கப்பட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதையும் படித்தேன். இன்ஜினீயர் மார்ச்சில் திரும்பி வருவார், பிழை தெரியவரும், ஊர் சிரிக்கும். என் கணக்கு அவ்வளவுதான். அவள் லேசாக அவமானப்படுத்தப்படுவாள், ஆனால் யாரும் காயப்படுத்தப்பட மாட்டார்கள்.

எமில்பெக் புத்தாண்டுக்கு ரோப்காரைத் திறந்தார். குளிர் அதிகம், அந்தப் பக்கம் போகாதே என்று என் மகளிடம் சொல்லிவைத்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாய்ராகுல் என் கதவைத் தட்டினாள்.

"நாளைக்குப் பசங்க பதினோரு பேரையும் மேல கூட்டிட்டுப் போறேன். வெளிநாட்டுக்காரங்க இருப்பாங்க, பேசிப் பழகட்டும். நீங்களும் வாங்களேன் அகாய். மேல குடிக்கச் சூடா ஷோர்போ கிடைக்கும். உங்கள ஒரு தடவையாவது சிரிச்ச முகமா பாக்கணுமாம் இதுங்களுக்கு."

முழங்கால் வலி என்றேன். தைலம் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்கு அன்று முழங்கால் வலிக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. மேல் பிரேக் பிடிக்கவில்லை. கம்பியில் தொங்கும் நாற்காலிகள் பின்னோக்கி ஓட ஆரம்பித்தன. மீதியைப் பிள்ளைகளே உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவள் பின்னால் திரும்பி 'ஜம்ப்' என்று கத்தினாளாம். ஒரே சொல். எழுவாய் இல்லை, வினையடை இல்லை. பதினோரு பேருக்கும் புரிந்தது, பனியில் குதித்தார்கள், கை கால் முறிவோடு பிழைத்தார்கள். தன் பக்கத்தில் இருந்த கடைசிப் பிள்ளையைத் தள்ளிவிட்டு அவள் குதிப்பதற்குள் அவளுடைய நாற்காலி தூணில் மோதிவிட்டது.

அவள் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தியிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. கட்டுப்போட்ட கையோடு பிள்ளைகள் வெளியே பனியில் நின்று அழுதார்கள். நான் இறந்தால் இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன். அங்கே நின்றபோதும் எனக்கு வயிறு எரிந்தது, பெக்சுல்தான்.

திங்கட்கிழமை நீங்கள் கூப்பிட்டு விசாரித்தபோது, 'பிழை கவனிக்கப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினீர்கள்.

"யாரால கவனிக்கப்படல, அகாய்?"

நான் தாளை எடுத்து நான்காக மடித்தேன்.

"ஹார்ட்லிக்குக் 'கடுமையாக'ன்னு எழுதினதுக்கு என்னைய பீரியட் முழுக்க நிக்க வெச்சவர் நீங்க. இத்தன வருஷம் கழிச்சும் எனக்கு மறக்கல. அந்தச் சொல்ல நீங்க பாக்காம விட்டீங்கன்னா இந்த ஊர்ல எவன் நம்புவான்?"

நல்ல கேள்வி. என்னிடம் படித்ததில் ஒன்றாவது உங்களுக்குத் தங்கியிருக்கிறது. ஆகவே திருத்தி எழுதுகிறேன். பிழையை நான் பார்த்தேன். அவள் வாய்விட்டுக் கேட்டும் நான் தெரிந்தே சொல்லாமல் விட்டேன். மறுநாள் அவர்கள் மேலே போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. மூன்று வாக்கியத்துக்கும் எழுவாய் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வைத்துவிட்டுப் போன போர்சோக் இன்னும் என் மேசையில் பிரிக்காமல் இருக்கிறது. பொட்டலத்தின் மேல் இங்கிலீஷில் 'ஃபார் மை அகாய், நோ ஸேட்' என்று எழுதியிருக்கிறாள். வருத்தப்படாதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறாள். வினைச்சொல்லே இல்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் செய்தேன் என்றும் கேட்டீர்கள். அதற்கு ஒரே ஒரு வரிதான் என்னிடம் இருக்கிறது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது தானாக அமைந்தது: அவள் ஆழமாக நேசிக்கப்பட்டாள், ஆனால் நான் ஹார்ட்லி கவனிக்கப்பட்டேன். எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துப் பாருங்கள், பெக்சுல்தான். அதில் ஒரு பிழைகூட இருக்காது.