மாடியில் குடியிருந்தவர்

என் மகளின் கையெழுத்து அழகாக இருக்காது. சிறு வயதில் அவளை நான் கண்டித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். அவசரமாகப் பேருந்தில் ஏறுகிறவர்களைப் போல எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். எனக்கு அப்படி வராது. முப்பத்து நான்கு வருடம் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவன் நான். என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொள்கிறோம் என்று நீங்கள் சொன்னபோது, நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டது அதனால்தான். நல்ல பேனாவாகக் கொடுத்ததற்கு நன்றி.

எங்கள் குடும்பத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். என் அப்பா தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் சிகரெட்டை மறைப்பார்கள். எனக்கும் அந்த மரியாதை கிடைத்தது. அதை நான் சம்பாதித்தேன் என்று சொல்ல மாட்டேன். கொடுத்ததைக் காப்பாற்றினேன். மனைவி போய் எட்டு வருடம் ஆகிறது. பெற்றது ஒரே பெண். அவளுக்கு இப்போது இருபத்தொன்பது.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு அவளுக்கு மனநல ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. மனம் உடைந்துபோனவர்கள் எப்படி மீண்டு எழுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. ஏன் உடைந்தார்கள் என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எப்படி எழுந்தார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை என்பாள். நாற்பத்திரண்டு பேரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து அதே பத்துக் கேள்விகளைக் கேட்பாள். ‘இந்த வாரம் எந்த நாள் மனம் தெளிவாக இருந்தது? அன்று உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?’ என்பது ஒன்பதாவது. மற்ற ஒன்பதும் போனாலும் இது ஒன்று போதும் என்பாள்.

வேலை கிடைத்த அன்று என் மைத்துனர் வந்திருந்தார். எதையும் கேலி பேசாமல் அவருக்குத் தண்ணீர் இறங்காது.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது அத்தான்? பொண்ணு பைத்தியம் எண்ணுறான்னா?”

“எண்ணல மாமா. சரியானவங்ககிட்ட எப்படிச் சரியாச்சுன்னு கேக்கறேன்.”

“சரியானவன் உன்கிட்ட எதுக்கும்மா வரப்போறான்? சினிமாவுக்குல்ல போவான்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் முதலில் என்னிடம்தான் கொடுப்பாள். பிழை திருத்துவேன். ஒற்று விட்டுப்போயிருக்கும், வாக்கியம் முடியாமல் தொங்கும். திருத்திக்கொண்டே படித்ததில் அந்த நோய்களின் அறிகுறிகள் எனக்கு மனப்பாடம் ஆயின. எந்த மாத்திரை நாக்கைத் தடிக்க வைக்கும், எது கையை நடுங்க வைக்கும் என்பதெல்லாம் அவள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டது நிறைய.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். இருபத்தேழாவது வயதில் அவனுக்கு யாரோ பேசுகிற குரல்கள் கேட்கத் தொடங்கின. ஒருநாள் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் போய் அழைத்து வந்து மாடி அறையில் வைத்தேன். உறவினர்களிடம், கப்பலில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான் என்று சொன்னேன். மருத்துவர் ஒருவர் மாதம் ஒருமுறை பின்வாசல் வழியாக வந்து போவார். சாப்பாடு என் மனைவி கொண்டுபோவாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, என்னிடமும் பேசியதில்லை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கணக்குச் சொல்லுவாள். அந்தப் பக்கமிருந்து அவன் விடையைச் சரிபார்ப்பான். வெளியே சொல்லக் கூடாது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். சொல்லவில்லை. அப்படி வளர்த்த பெண்.

பதினோரு வருடம் இருந்தான். மூன்று நாள் காய்ச்சலில் போனான். அந்த மருத்துவர் வருவது எப்போதோ நின்றிருந்தது. வேறொருவரை அழைத்தால் நோயாளி யார் என்று சொல்வது? அழைக்கவில்லை. மறுநாள் என் பதிவேட்டில் நானே எழுதினேன். பெயர் என்ற இடத்தில் ஒரு பெயரை எழுதினேன், அது அவனுடையது அல்ல. குறிப்பு என்ற இடத்தில், ‘மாடியில் குடியிருந்தவர், உறவினர் விவரம் இல்லை’. முப்பத்து நான்கு வருடத்தில் உண்மையல்லாத பதிவு அது ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்துத் தம்பி கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்த செய்தியை உறவினர்களுக்குச் சொன்னேன். நாற்பது பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். குறைவில்லாமல் நடந்தது.

இப்படிக் கட்டிக் காத்த வீட்டைத்தான் என் மகள் இரண்டே பக்கத்தில் திறந்து போட்டாள்.

அவர்கள் நிலையத்தில் வருடத்துக்கு ஒரு மலர் போடுவார்கள். புதிதாக வந்த ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும், தான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று அதில் எழுத வேண்டும். பிறர் வாழ்க்கையைக் கேட்கிறவர் தான் எங்கே நின்று கேட்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டுமாம். அந்தத் துறையில் அப்படி ஒரு வழக்கம். என் மகள் எழுதினாள். ‘கேட்பதை நான் எங்கள் வீட்டு மாடிப்படியில் கற்றுக்கொண்டேன்’ என்று ஆரம்பம். அறை, கதவு, சித்தப்பா, கப்பல், ஒன்றையும் விடவில்லை.

என் மைத்துனர்தான் மலரைக் கொண்டுவந்தார். அன்று அவர் கேலி பேசவில்லை.

“அத்தான், கப்பல்ல போனவர் மாடியிலயா இருந்தாரு? துக்கம் கேக்க வந்து இதே கூடத்துல உக்காந்து நான் அழுதேனே.”

அவர் போன பிறகு அதை இரண்டு முறை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. வேறு யாரிடமோ கொடுத்துத் திருத்தியிருக்கிறாள். என்னை வெட்டியது அதுதான். இருபத்து நான்கு வருடம் வாயைத் திறக்காத பெண், எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து எழுதி, அயலாரிடம் காட்டி, அச்சில் ஏற்றியிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் நடந்த காரியம். எதிரி செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“ஏன் என்கிட்ட காட்டல?” என்று கேட்டேன்.

“காட்டியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்கப்பா.”

“வேண்டாம்னு தெரிஞ்சும் எழுதியிருக்க.”

“உங்களைக் குத்தம் சொல்லி ஒரு வரி இருக்கா பாருங்க. ஆஸ்பத்திரியில கொண்டு தள்ளாம பதினோரு வருஷம் வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிட்டாருன்னுதான் எழுதியிருக்கேன். எனக்கு அது பெருமைப்பா.”

“ஊர் அப்படிப் படிக்காது.”

“ஊரை விடுங்க. நாப்பத்திரண்டு வீட்டுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லுங்கன்னு கேக்கறேன். என் வீட்டை மட்டும் பொத்தி வச்சுக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக் கேக்கறது?”

பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ பரிசு கொண்டுவந்தவளைப் போலச் சொன்னாள். “சித்தப்பாவைப் பாத்த டாக்டரோட ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். கேஸ் சீட்டு இன்னும் அங்க இருக்காம்ப்பா. தேடி எடுத்து அனுப்ப ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். வந்ததும் அவரைப் பத்தி முழுசா எழுதப்போறேன். உங்களையும் பேட்டி எடுப்பேன். நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு உக்காருங்க.”

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சீட்டு வரும்போது அவள் சொல்வதை யாரும் நம்பாத நிலை வந்திருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். நகரின் மறுகோடியில் இருக்கும் ஒரு மருத்துவரிடம் போய், எனக்குக் குரல்கள் கேட்கின்றன என்று சொன்னேன். அவள் கட்டுரைகளில் படித்த அறிகுறிகளை வரிசையாகச் சொன்னேன். என் பெயருக்கு நேரே அந்த நோயை ஒருவர் எழுதுவதை நான் உட்கார்ந்து பார்த்தேன். அது எனக்கு எளிதாக இருந்தது என்று நினைக்காதீர்கள். குடும்பத்துக்காகச் செய்தேன்.

காலைக் காப்பி எங்கள் வீட்டில் நான்தான் போடுவது. எனக்கென்று அந்த மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் பொடி செய்து அதில் கலந்தேன். கசப்பு தெரியாமலிருக்கக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை. இரண்டாவது வாரத்தில் அவள் பேச்சு குழறியது. கை நடுங்கியது, கையெழுத்து இன்னும் மோசமானது. தொலைபேசியில் ஒருவரைக் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டாள். நான் அவளுடைய நிலையத்துக்குப் போய்த் துறைத் தலைவியைப் பார்த்தேன். மகளுக்கு உடம்பு சரியில்லை, இல்லாத ஆளை இருந்ததாக எழுதுகிறாள் என்றேன். என் தம்பி கப்பலில் இறந்தவன், மாடியில் இருந்தவர் வெறும் வாடகைக்காரர் என்று சொல்லிப் பதிவேட்டின் நகலைக் காட்டினேன். முத்திரையோடு இருந்தது. அந்த அம்மாள் கண் கலங்கினார்.

“உங்களை மாதிரி ஒரு அப்பா எல்லாருக்கும் கிடைக்கறதில்லீங்க,” என்றார்.

மலரின் மீதிப் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆய்வை நிறுத்திவைத்தார்கள். மகளுக்கு விடுப்புக் கொடுத்தார்கள். நான் எழுதிவைத்த கடிதத்தில், தான் எழுதியது கற்பனை என்று அவள் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். போடும்போது கேட்டாள்.

“அப்பா, சித்தப்பா நிஜமாவே மாடியில இருந்தாருதானே?”

“நீ ஓய்வெடும்மா,” என்றேன்.

“எனக்கும் அவரை மாதிரி வருதோன்னு பயமா இருக்குப்பா.”

“நான் இருக்கேன்ல. பாத்துக்கறேன்.”

என் தோளில் சாய்ந்துகொண்டாள். எழுதுவதற்கு முன் இருந்த என் பெண் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று அன்று தோன்றியது. அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சீட்டு இன்னும் வந்திருக்கவில்லையே.

என்னைப் பிடித்துக் கொடுத்தது அவளுடைய கேள்விதான். அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண், சுருட்டை என்று கூப்பிடுவார்கள். நிறுத்திவைத்த ஆய்வின் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, பிரியத்தால், என் மகளை நாற்பத்து மூன்றாவது ஆளாக வாராவாரம் அழைத்துப் பேசியிருக்கிறாள். ஒருவாரம் நான் ஒரு திருமணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போயிருந்தேன். அந்த வாரம் ஒன்பதாவது கேள்விக்கு என் மகள் சொன்ன பதிலின் ஒலிப்பதிவை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள்.

“வெள்ளி பரவால்ல. சனி, ஞாயிறு நல்லாத் தெளிவா இருந்தேன்.”

“பக்கத்துல யார் இருந்தா?”

“யாரும் இல்ல. அப்பா ஊருக்குப் போயிருந்தாரு. நானே காப்பி போட்டுக் குடிச்சேன்.”

நாற்பத்திரண்டு பேரும் தெளிவான நாளில் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னார்களாம். யாரும் இல்லாதபோது தெளிந்தவள் இவள் ஒருத்திதானாம். சுருட்டை மறுநாள் காலையே வந்து, சினிமாவுக்கு என்று சொல்லி அவளை அழைத்துப் போய், உடம்பில் ஏதாவது மருந்து இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்ய வைத்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறாள் என் மகள்.

சீட்டும் வந்து சேர்ந்து இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. நான்காம் வருடத்துக்கு நேரே மருத்துவர் எழுதியிருப்பதை நீங்கள் படித்துவிட்டீர்கள். ‘முழுமையாகக் குணமடைந்தார். மருந்து தேவையில்லை. வேலைக்கு அனுப்பலாம்.’

மகள் நன்றாக இருக்கிறாள், என்னைப் பார்க்க மறுக்கிறாள் என்றீர்கள். உங்கள் மூலமாக ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். ‘குணமானது சித்தப்பாவுக்குத் தெரியுமா?’

தெரியும். மருத்துவர் அவன் முன்னால்தான் எழுதினார். அவர் போனதும் அவன் முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு நின்றான். அந்த வருடம் எங்கள் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பலில் இருக்கிறான் என்று சொன்னவன் மாடியிலிருந்து இறங்கி வந்தால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். ஒரு வருஷம் பொறுத்துக்கடா என்றேன். சரிண்ணா என்றான். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு. அதற்கடுத்த வருடம் தங்கைக்குக் குழந்தை. ஒவ்வொரு முறையும் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சரிண்ணா என்றான். பிறகு நான் போய்ச் சொல்வதையும் விட்டுவிட்டேன், அவனும் கேட்கவில்லை. ஏழு வருடம். ஒருநாள்கூடக் கதவைத் தட்டவில்லை. தெருவில் போகிறவர் காதில் விழும்படி ஒரு வார்த்தை பேசவில்லை. அடைத்துவைத்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை மாற்றுங்கள். அவனுக்கு மானம் பெரிது, அவனாகவே இருந்தான். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டது காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான்.