அம்மன் உத்தரவு தராத அப்டேட்

பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவர் பழைய கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை நடத்தும் ஓர் அம்மா. பெட்டியைக் கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் பெரியவர் சீறினார்.

"எங்க பங்காளிக மொத்தப் பேரும் இதுக்குள்ள இருக்காக. கால்மாட்டுலயா வைக்கிறது?"

பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"பங்காளிக பேரை எழுதி வச்ச கோயில் நோட்டைக் கரையான் தின்னுருச்சு. பேரெல்லாம் இதுல மட்டுந்தான் இருக்கு. புது மெஷின்ல ஏத்த முடியாதுன்னா எப்படி தங்கச்சி?"

"ரொம்பப் பழைய வெர்சன்ணே. இதுலேருந்து புதுசுக்கு மாத்திக் குடுக்குறதைக் கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்."

"நிறுத்த அவன் யாரு? எந்தக் காலத்து ஆளு வந்தாலும் அம்மன் கதவைச் சாத்துறாளா? அவன் குடுத்ததுலதானே எழுதுனோம்!"

"வருசா வருசம் அப்டேட் பண்ணுங்கன்னு நான் சொன்னேன்ல?"

"சன்னதியில செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணுன்னு ரெண்டு பொட்டலமாப் பூக்கட்டிப் பாத்தோம். செவப்பு வந்தாத்தானே உத்தரவு? மூணு வருசமும் வெள்ளைதான் வந்துச்சு."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை.

"பெட்டி நின்னு போறதுக்குள்ள அம்புட்டுப் பேரையும் பேப்பர்ல எடுத்து, புதுசுல திரும்ப அடிக்கணும். வேற வழி இல்லண்ணே."

"அதுக்கும் அம்மன்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேளுங்க. இந்தத் தடவை ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பையே வையுங்க!"

பெரியவர் பெட்டியை இறுக்கிக்கொண்டார். புதுக்கோட்டை நெருங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

"செவ்வரளி போதுமா தங்கச்சி?"