ஏழாம் எண் சங்கு

கைவேலையில் பிசிறு இருந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. விசாரணைக்காக நீங்கள் பிரித்துப் பார்த்த சங்கின் இணைப்பிலும் இருந்திருக்காது.

அணுமின் நிலையத்தின் அபாயச் சங்குகள் பன்னிரண்டும் என் பொறுப்பு. ஏழாவது எங்கள் தெருவில், எங்கள் ஜன்னலுக்கு நேரே. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்துக்கு ஊதிப் பார்ப்போம்.

எங்கள் குழந்தை ஐந்து மாதத்தில் போய்விட்டாள். அதன்பிறகு சங்கு மெல்ல எழும்பும்போதெல்லாம் என் மனைவி, "ஏங்க, பாப்பா அழுறா" என்று தொட்டிலுக்கு ஓடுவாள். காலித் தொட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவாள். மூன்று மாதம் பார்த்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஏழாவதன் கம்பியைக் கழற்றினேன். கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அதன் பச்சை விளக்கு மட்டும் எரியும்படி செய்தேன். மற்ற சங்குகள் எங்கள் தெருவுக்குக் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும்.

"என்னப்பா, சங்குக்குத் தொண்டை கட்டிடுச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தார். பழுது பார்க்கிறோம் என்றேன்.

புயலன்று கடல் மதிலைத் தாண்டி வந்தது. ஜெனரேட்டர்கள் மூழ்கின, உலையைக் குளிர்விக்கும் பம்புகள் நின்றன. மதியம் மூன்று மணிக்கு, ஊரைக் காலி செய்யச் சொல்லிச் சங்கு ஊதினோம். போன் எதுவும் வேலை செய்யவில்லை. பலகையில் பன்னிரண்டும் பச்சை.

"எல்லாம் ஊதுச்சாப்பா? சந்தேகம்னா சொல்லு, ஜீப் அனுப்பிடறேன்" என்றார் அதிகாரி.

ஜீப் வாசலில் நின்றது. எங்கள் தெருவுக்குப் பத்து நிமிடம். ஆனால் ஏன் ஊதவில்லை என்று கேட்பார்கள். கம்பியை மறுபடி மாட்டுவார்கள். அவள் மறுபடி ஓடுவாள்.

"ஊதுச்சு சார்" என்றேன்.

புயலுக்குப் பயந்து கதவடைத்திருந்த நாற்பது வீட்டுக்காரர்களும் மறுநாள் வரை அங்கேயே இருந்தார்கள். உலையிலிருந்து கசிந்த கதிர்வீச்சோடு காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. இதுவரை பதினோரு பேர் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நேற்று.

அவள் ஆஸ்பத்திரியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஒருநாள் கேட்டாள்: "சங்கு ஊதுச்சாங்க? எனக்குக் கேக்கவே இல்லையே."

"ஊதுச்சும்மா. நீ அசந்து தூங்கிட்டே."

"தெருவே தூங்கிடுச்சா?"

ஆமாம் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் நிம்மதியைத் தவிர எனக்கு வேறென்ன வேண்டும், ஐயா.