கண்மாய்க்குக் கட்டிய சேலை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"எங்க ஊருக் கண்மாய்க்குச் சேலை கட்டி விட்டாக மதினி."

"கண்மாய்க்கா?"

"ஆமா. மெட்ராஸ்ல இருந்து ஓவியம் படிக்கிற பிள்ளைக வந்துச்சுக. வீடு வீடாப் பழைய நீலச் சேலையா வாங்கித் தச்சு, காஞ்சு கெடந்த கண்மாய்க்குள்ள தண்ணி மாதிரி விரிச்சு விட்டுச்சுக. மழை பொய்க்கிறதை நாலு பேருக்குக் காட்டணுமாம். கார்ல வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாக."

"காட்டி என்ன ஆகப்போகுது?"

"நானும் அதான் கேட்டேன். அதுகளுக்கும் தெரியலையாம். பாவம், வெயில்ல கறுத்துப் போச்சுக."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளாமையை விட்டதுல இருந்து எங்க வீட்டுக்காரவுக கண்மாய்ப் பக்கமே போனதில்ல. இப்ப சாயங்காலமானா கரையில போயி உக்காந்துக்கிறாக. நேத்துப் பிள்ளைக சேலையைச் சுருட்ட ஆரம்பிச்சதும், இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்னு கேட்டிருக்காக."

"யாருகிட்டயும் எதுவும் கேக்காத மனுசராச்சே."

"அதான் மதினி. பிள்ளைக விரிச்சபடியே விட்டுட்டுப் போயிருச்சுக."