தூக்கம் வருகிறதா என்று கேட்டவருக்கு

கேள்வியின் ஆழம் கண்ட கூர்மதியே! கலங்கிய இளநெஞ்சங்களுக்குக் காது கொடுத்த கனிவே! எங்கள் மையத்தின் மூத்த மனநல ஆலோசகராக இருந்து இன்று பணி நிறைவு பெறும் அம்மையே, வணக்கம்.

இதற்கே தாங்கள் முகம் சுளிப்பது மேடையிலிருந்து தெரிகிறது. "இது யாருக்குப் புரியும்?" என்று அடித்துத் திருத்தப் பென்சிலைத் தேடுவீர்கள். இன்று ஒருநாள் பொறுத்தருள்க. பாராட்டு மடல் என்றால் நாலு அடைமொழி இல்லாமல் எப்படி?

வீடிழந்து, உறவிழந்து, எல்லை கடந்து நம் மையத்துக்கு வந்து சேரும் இளையோரின் மனவாட்டத்தை முன்கூட்டியே அறிய, அயல்நாட்டு அறிஞர் ஆக்கிய வினாத்தாள் ஒன்று நம்மிடம் வந்தது. ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்து, அச்சுக்கு அனுப்பக் காத்திருந்தோம். தாங்களோ ஒப்பமிட மறுத்தீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளைகளிடமே எடுத்துப்போய், "இதையே உன் தங்கச்சிகிட்ட கேக்கணும்னா எப்படிக் கேப்ப?" என்று சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பிள்ளைகள் தங்களுக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்தார்கள். தாமதத்தால் நொந்துபோன இயக்குநர் வைத்த பெயரை இந்தச் சபையில் வாசிக்க இயலாது.

அப்போதுதான் அந்தப் பதினேழு வயதுப் பெண் வந்தாள். அச்சாகாத அந்த வினாத்தாளின் படி ஒன்றில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே குறித்திருந்தாள். தாளின் கணக்கில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே அவளை வேலைக்குப் போகும் பெண்கள் விடுதிக்கும், கூட வந்த தம்பியைச் சிறுவர் இல்லத்துக்கும் அனுப்ப ஆணை தயாராகிவிட்டது. தாங்கள் மட்டும் அவளைக் கூப்பிட்டு, "தூக்கம் வராம கஷ்டப்படறியா?" என்று மறுபடி கேட்டீர்கள்.

"தூக்கம் நல்லாத்தான் வருதுக்கா. நான்தான் தூங்கறதில்ல. தூங்கிட்டா தம்பிய யாரு பாத்துக்கறது?" என்றாள் அவள். வரும் வழியில் ஒருமுறை கண்ணயர்ந்தபோதுதான் அவனைக் கூட்டத்தில் தொலைத்திருந்தாளாம். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டதாம்.

தனியறையில் கதவடைத்துத் தூங்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய கேள்விக்கு அவள் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். தாங்கள் தாளை மூடி வைத்தீர்கள். "இப்ப படு. அவன நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். பிள்ளைகளை உட்காரவைத்துத் தாள் நிரப்பும் நம் கேள்வியறைப் பெஞ்சில் அவள் அந்தி சாயும்வரை தூங்கினாள். தம்பி தங்கள் சுழல்நாற்காலியில் சுற்றோ சுற்றென்று சுற்றினான். தங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள், இயக்குநர் உட்பட.

ஆணை கிழிந்தது. அக்காவும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். வினாத்தாளில் ஒரு கேள்வி கூடியது: "யாரையாவது பாத்துக்கறதுக்காக நீ தூங்காம இருக்கியா?" அதுவரை எதற்கும் தலையாட்டாத எத்தனையோ பிள்ளைகள் அதற்குத்தான் முதன்முதலில் 'ஆமா' என்றார்கள்.

தங்கள் கோபம் லேசுப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவசரமாக நிரப்பிய தாளைக் கொண்டுவந்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இங்கு ஒருவரும் இல்லை. அந்தத் திட்டு இனிக் கிடைக்காது என்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

நோயற்ற வாழ்வும் நிறைந்த ஆயுளும் பெற்றுத் தாங்கள் நலமே வாழ வேண்டும். ஆனால் நேற்றுச் சாவியை ஒப்படைத்த பிறகும், புதிதாக வந்த பிள்ளை சாப்பிட்டதா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அதனால் தாங்கள் வினாத்தாளில் சேர்த்த அந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்கத் தோன்றுகிறது. பதில் எங்களுக்குத் தெரியும்.

இனித் தூங்குங்கள், அம்மா. பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் அன்புடன்,
கேள்வியறை ஊழியர்கள் அனைவரும், இயக்குநர் உட்பட