பச்சைக் குறி போட்ட ஏழு சட்டிகள்

குஞ்சு, முதலில் என் பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்.

என் பெயர் கிறேஸ் மேரி அருளப்பு. வயது 66. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மொன்றியால் ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குப் பின்வீதியில், என் தங்கை றெஜினா பற்றிக்கின் வீட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். தங்கையை நான் குஞ்சு என்றுதான் கூப்பிடுவேன், வேறு பெயர் வாயில் வராது என்று மொழிபெயர்ப்பாளர் சாம்பவியிடம் சொன்னேன். அவர் அப்படியே எழுதுகிறேன் என்றார்.

குஞ்சு இந்த வருடம் பெப்ரவரி ஒன்பதாம் திகதி இறந்தாள். பிள்ளைகள் இல்லை. அவள் கையால் எழுதிய உயில் என்று, அவளுடைய கணவரின் தமையன் மகன் டனிஸ்ரன் ஒரு கடதாசியை நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறார். அதில் 2021 ஜூன் 12 என்று திகதி போட்டிருக்கிறது. அந்தத் திகதியில் அது எழுதப்படவில்லை என்று வாக்குமூலம் கொடுக்கவே இங்கே வந்தேன்.

குஞ்சுவின் கணவர் பற்றிக் 2017இல் இறந்தார். அடுத்த வருடம் குஞ்சு லொங்குய்யில் ஒரு நொத்தாரிசிடம் போய் உயில் எழுதினாள். நான் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம், அதன் பிறகு வீடு டனிஸ்ரனுக்கு என்று அதில் உள்ளது. அன்றைக்கு எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனவரும் டனிஸ்ரன்தான். வரும் வழியில் எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி வாங்கித் தந்தார்.

2022 ஏப்ரலில் டொக்டர் குஞ்சுவுக்கு மறதி வருத்தம் என்றார். அதன் பிறகு அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள், பூசைக்குப் போய் வந்த உடனே பூசைக்கு வெளிக்கிட்டாள். ஆனால் தன் சட்டிகளை மறக்கவில்லை. எங்கள் கோயில் பங்கில் திருநாளுக்கும் செத்த வீட்டுக்கும் வீட்டுச் சட்டிகளைத்தான் கொண்டுபோய்ச் சமைப்போம். கலந்துபோகாமல் இருக்க அடியில் நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸால் ஒரு பொட்டு வைப்போம். வீட்டுக்கு ஒரு நிறம். குஞ்சுவின் நிறம் முதலிலிருந்தே சிவப்பு.

2023 ஓகஸ்ட் 15ஆம் திகதி மாதா திருநாளுக்குப் புரோசார்ட்டில் ஒரு மண்டபத்தில் சமைத்தோம். கழுவிக் கவிழ்த்த சட்டிகளில் ஒன்றை, எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அனோஜினி எடுத்தார். அவருடைய நிறமும் அந்த வருடம் சிவப்பு.

"அது என்ரை சட்டி, வையும்" என்றாள் குஞ்சு.

"றெஜினாக்கா, இதுக்கும் சிவப்பு, அதுக்கும் சிவப்பு. சட்டியைத்தான் கேக்கவேணும்."

"கேளும். அது என்ரை பேரைத்தான் சொல்லும்."

எல்லாரும் சிரித்தார்கள். அனோஜினி சிரித்துக்கொண்டே கவிழ்ந்த சட்டிகளை எல்லாம் கைபேசியில் படம் எடுத்தார். அந்தப் படத்தில் திகதி இருக்கிறது, பொட்டுகள் எல்லாம் சிவப்பு. அதன் பிறகு இரண்டாம் நாள் நான் ரயில் நிலையத்தடி மருந்துக் கடையில் ஒரு பச்சைக் கியூடெக்ஸ் வாங்கி வந்தேன். "பச்சையை வேறை ஆர் பூசப்போகினம்?" என்று குஞ்சு சந்தோஷப்பட்டாள். ஏழு சட்டிக்கும் சிவப்பின் மேலேயே பச்சை வைத்தாள். மிச்சத்தைத் தன் சின்னவிரல் நகத்தில் பூசிக்கொண்டாள். அதற்கு முதல் எங்கள் வீட்டில் எந்தச் சட்டிக்கும் பச்சைக் குறி இருந்ததில்லை.

சனிக்கிழமைகளில் நான் ஒரு உணவுக் கடையின் பின்சமையலறையில் காலை ஏழு மணி முதல் இரண்டு மணி வரை வேலை செய்கிறேன். 2024 ஒக்டோபர் 19ஆம் திகதி சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் பெரிய சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. குஞ்சுவின் விரலில் பேனை மை இருந்தது. அவள் ஒரு வருடமாகப் பேனை தொட்டதில்லை. ஆர் வந்தது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரேல்லை. பிள்ளை வந்தவன்" என்றாள்.

அவள் பிள்ளை என்று சொல்வது டனிஸ்ரனை. அதன் பிறகு, இப்ப எத்தினையாம் ஆண்டு என்று கேட்டாள். இருபத்தி நாலு என்றேன். "இல்லை அக்கா, இருபத்தொண்டு" என்று என்னோடு சண்டை பிடித்தாள். நான் அந்த மறதி வருத்தம்தான் பேசுகிறது என்று நினைத்து, விரலைக் கழுவிவிட்டு, சட்டியை எடுத்து அலுமாரியில் வைத்தேன். அடுத்த நாள் அனோஜினி, முதல் நாள் காலையில் டனிஸ்ரனின் கார் எங்கள் வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றது என்றார். சனிக்கிழமை நான் வீட்டில் இல்லை என்பது டனிஸ்ரனுக்குத் தெரியும். வருகிறேன் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. வந்தேன் என்றும் சொல்லவில்லை.

குஞ்சு இறந்த பிறகு முப்பத்தோராம் நாள் பூசைக்கு அதே சட்டிகளில் சமைத்தோம். சாப்பாடு முடிந்து நான் கழுவிக்கொண்டு நின்றபோது டனிஸ்ரன் மண்டபத்துக் குசினிக்குள் வந்தார். அவர் குசினிக்குள் வந்து நான் கண்டதில்லை.

"பெரியம்மா, ஒரு கடதாசி இருக்கு. சித்தி எழுதினது."

கையைத் துடைத்துவிட்டு வாசித்தேன். நொத்தாரிசிடம் எழுதிய உயில் செல்லாது என்றும், வீடும் அதில் உள்ள தளபாடமும் உடனே டனிஸ்ரனுக்கு என்றும் எழுதியிருந்தது. கடைசி வரியில், பச்சைக் குறி போட்ட ஏழு சட்டியும் என் அக்கா கிறேசுக்கு என்று இருந்தது.

"எப்ப எழுதினது, தம்பி?"

"திகதி கிடக்குத்தானே. வருத்தம் வரமுதல். யூலை முதலாம் திகதிக்குள்ளை உங்களுக்கு ஒரு அறை பாப்பம், நான் பேசித் தாறன்."

என் கையில் இருந்த சட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் பொட்டு இருந்தது. சட்டியைத் துடைத்து வைத்தேன்.

எழுத்து குஞ்சுவின் எழுத்துத்தான். கையெழுத்தும் அவளுடையதுதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2021இல் இல்லாத பச்சையை அவள் 2021இல் எழுதியிருக்க முடியாது. திகதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று நான் கண்ணால் காணவில்லை. சட்டி வரியை டனிஸ்ரன் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார், எந்தச் சட்டிக்கு என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது. அவர் கண்ணில் அது ஒரு பொருட்டாகவும் பட்டிருக்காது.

பெரிய சட்டியைத் துவாயில் சுற்றிப் பேருந்திலும் மெற்றோவிலும் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்திருக்கிறேன். பச்சையைச் சுரண்டினால் கீழே சிவப்பு இருக்கும். நான் சுரண்டவில்லை. இங்கே இருப்பவர்கள் சுரண்டிப் பார்க்கட்டும்.

இதைச் சாம்பவி எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். கண்டதிலும் கேட்டதிலும் நான் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. ஒருவரும் சொல்லித்தந்து நான் சொல்லவில்லை. அதற்கு என் கையெழுத்து:

கிறேஸ் மேரி அருளப்பு

கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி நானே எழுதுகிறேன், விடச் சொல்லிக் கேட்டேன், விட்டார்கள்.

குஞ்சு, அன்றைக்கு அந்தச் சட்டியை மேசையில் கவிழ்த்து வைத்தது, நிறத்தைப் பார்த்து எழுதவா, நான் வந்து பார்க்கட்டும் என்றா?