‘ரெண்டு வருஷம்’ என்று எழுத மறுத்த டோனா இராசெமா

மேடையில் நாற்காலி பிடித்துவிட்ட பெரியோர்களே! பாதிரியார் அவர்களே! பதினேழு ஆண்டுகள் நம்மை ஆராய்ந்தும் இன்னும் நம்மோடு பேச்சுவார்த்தை வைத்திருக்கும் பேராசிரியை ஒனொதேரா அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கி நிற்கும் என் பிரேசில் மக்களே! இந்த ஜில்சோன் மாமா இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன். ஒருவரும் நம்பப்போவதில்லை. அதற்கு இப்போதே சத்தியம் செய்து தருகிறேன்.

நம் சங்கத்தின் செயலாளர், நாம் எல்லோரும் மரியாதையாக ‘டோனா’ என்று கூப்பிட்ட இராசெமா தொகாஷிகி! யார் அவர்? நம்மைப் போலவே பிரேசிலிலிருந்து ஜப்பானுக்குப் பிழைக்க வந்து, கார் சீட் தைக்கும் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் நின்ற கால்களுக்குச் சொந்தக்காரர். உணவு இடைவேளையில் அவர் ஒருமுறை சிரித்ததற்கு, ஷிசுவோக்காவைக் கடந்துகொண்டிருந்த அதிவேக ரயில் நிலநடுக்கம் என்று நினைத்து நின்றுவிட்டது! அவர் சுடும் சீஸ் உருண்டைகளை மூடி வைக்காவிட்டால் மிதந்து போய்விடும். நம் பால்கனிகளில் வலை கட்டியது புறாவுக்காக என்றா நினைத்தீர்கள்?

ஓய்வு பெற்ற மறுநாளே நகர மருத்துவமனையில் நம் போர்ச்சுகீசிய மொழிக்கான உதவி கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தார். நம் வலிகளை எல்லாம் ஜப்பானிய மொழிக்கு மாற்றினார். இதோ முன்வரிசையில் இருக்கும் வல்தெமிரின் மனைவி, வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர். அந்த கவுன்ட்டர் இல்லாவிட்டால் அவர் கதி என்ன?

அந்த கவுன்ட்டரைத்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் மூடப் பார்த்தார்கள். மூடப் பார்த்தது யார்? நாமேதான்! நகராட்சி ஒரு படிவம் அனுப்பியது. “இங்கே இன்னும் எத்தனை ஆண்டு இருப்பீர்கள்?” நானூறு வீடுகளும் ஒரே பதில் எழுதின: இரண்டு வருடம். ‘எல்லோரும் கிளம்பப்போகிறார்கள், பிறகு கவுன்ட்டர் எதற்கு, மார்ச்சோடு சரி’ என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். ஒனொதேரா அம்மையார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“டோனா, நெஜமாவே எல்லாரும் போறீங்களா?”

“எங்க போறது? வல்தெமிர் போன மாசந்தான் ஆறடி ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கான்.”

“அப்ப ஏன் பொய் எழுதினாங்க?”

“பொய் இல்லம்மா. ரெண்டு வருஷந்தான்னு நெனச்சாத்தான் காலையில எந்திரிச்சு மெஷின் முன்னாடி போய் நிக்க முடியும்.”

மக்களே, பதின்மூன்று ஆண்டுகளில் அம்மையாருக்குப் பிடிபடாத நம் வாழ்க்கை அந்த ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. நகராட்சியிடம் மன்றாடி மறுபடி படிவம் வாங்கிக் கொடுத்தார். டோனா வீடு வீடாக ஏறினார். முதல் வீடு வல்தெமிருடையது. நானும் கூடவே போனேன்.

“ரெண்டு வருஷம்னு போடுங்கக்கா.”

“எப்பலேருந்துடா ரெண்டு வருஷம்?”

“தொண்ணூத்தாறுலேருந்து.”

“உம்பொண்ணு கோவம் வந்தா எந்த பாஷையில திட்டுறா?”

“ஜப்பான் பாஷையிலதான். எனக்குப் பாதி புரியாது.”

“அப்ப ரெண்டு வருஷத்துல யாருடா போறது? நீயும் ஃப்ரிட்ஜுமா?”

வல்தெமிர் சிரிக்கவில்லை. “இங்கயேன்னு எழுதினா ஊர்ல இருக்குற எங்கம்மா செத்துட்ட மாதிரி இருக்குக்கா” என்றான். டோனா அவன் எழுதும்வரை வாசலிலேயே நின்றார். இப்படி நானூறு வாசல்கள்!

கடைசிப் படிவம் அவருடையது. அங்கே பிரேசிலில், காம்போ கிராண்டியில் அவருடைய தாயார், எண்பத்தெட்டு வயது. மகள் வருவாள் என்று ஓர் அறையை வைத்திருக்கிறார். நம் டோனா ஒரு முழு மதியம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதினார். உடனே தாயாருக்கு போன் போட்டார்.

“அம்மா, நான் வரல. இங்கயே இருந்துடுறேன்.”

“அப்பாடா!” என்றது அந்தப் பக்கம். “அந்த ரூம வாடகைக்கு விட்டு பத்து வருஷமாச்சுடி. ஒன் மனசு ஒடிஞ்சிடுமேன்னு சொல்லல.”

டோனா சிரித்தார், சிரித்தார், பிறகு அழுதார். “ஜில்சோன், போய் பீன்ஸ் வெந்துடுச்சான்னு பாரு” என்றார். கவுன்ட்டர் பிழைத்தது.

போன செவ்வாய்க்கிழமை, அந்த கவுன்ட்டருக்குப் போகும் பேருந்திலேயே அவருடைய இதயம் நின்றுவிட்டது. இப்போது அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. விடலாமா? விடமாட்டோம்! திங்கட்கிழமைக்கு நான் உட்காருகிறேன். என் ஜப்பானிய மொழியைக் கேட்டு நோயாளிகள் பயந்தே குணமாவார்கள். புதன்கிழமைக்கு வல்தெமிரின் மகள் பெயர் கொடுத்துவிட்டாள். மற்ற நாட்களுக்கு உங்களில் யார்? கை தூக்காதவரை இங்கே யாருக்கும் காபி கிடையாது.

ரயிலும் உருண்டையும் என் கைவரிசை என்று உங்களுக்கே தெரியும். அறையை வாடகைக்கு விட்ட கதையைத் தாயாரிடம் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். இத்தனை அளந்ததில் ஒரு சின்ன விஷயத்துக்கு மட்டும் நான் பொறுப்பு: அந்தப் படிவத்தில் அவர் எழுதிய ஒரு சொல். ‘இங்கேயே.’ நேற்று தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே உள்ள கல்லறையில் அவருடைய சாம்பலை வைத்துவிட்டு வந்தோமே, அது நிஜம்.